கரி எஞ்சின் மக்கர் பண்ணினால் எங்கே கை வைப்பது?

புளியரையில் எங்கள் தென்னந்தோப்பைச் சுற்றி ஐந்து அங்குல அகலத்தில் குட்டித் தண்டவாளம் ஒன்று கிடக்கிறது. செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையை 2010 செப்டம்பரில் மூடியபோது, ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், குட்டி எஞ்சின் ஒன்றின் பாய்லருக்குச் செம்புத் தகடு வாங்கக் கிளம்பிவிட்டார். 2018இல் அகலப் பாதையில் ரயில் திரும்பி வந்தது. அதற்கு முன்பே எங்கள் தோப்பில் ஆட்களை ஏற்றி இழுக்கும் அந்தக் குட்டிக் கரி எஞ்சின் ஓடத் தொடங்கியிருந்தது. மீட்டர் கேஜில் 1000 மி.மீ. இருந்த அகலம் எங்களிடம் 127 மி.மீ.; எட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கேஜ் சரக்கு எஞ்சினான ஒய்.ஜி.யின் முகச்சாயல் உண்டு, சக்கரம் மட்டும் குறைவு.

ஊதுவது, புகைவது, கரி தின்பது எல்லாம் பெரிய எஞ்சின் போலவேதான். மக்கர் பண்ணுவதும் அப்படியே. குற்றால சீசனில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது சரியாக ஆவி அழுத்தம் காட்டும் கேஜின் முள் இறங்கும். இத்தனை வருஷத்தில் நாங்கள் சரிசெய்தவற்றை நினைத்துப் பார்த்தால், உலோகம் உடைந்தது என்று சொல்லக்கூடியவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். மற்றதெல்லாம் காற்று புகுந்தது, அழுக்கு அடைத்தது, இல்லையென்றால் நாங்கள் அவசரப்பட்டது.

கீழே வரும் அளவுகள் எங்கள் எஞ்சினுக்கு: செம்பு பாய்லர், நாலரை லிட்டர் தண்ணீர், ஓட்ட அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு, இரண்டு சிலிண்டர். உங்களுடையது வேறாக இருந்தால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள். காசு செலவில்லாத காரணத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

நெருப்பு எரிகிறது, முள் ஏறமாட்டேன் என்கிறது

பச்சைத் தண்ணீரிலிருந்து தொடங்கினால் எங்களுக்கு அரை மணி நேரத்தில் 80 வந்துவிடும். முக்கால் மணி ஆகியும் 30இல் நிற்கிறது என்றால் ஏதோ இருக்கிறது. முதலில் நெருப்புப் பெட்டிக் கதவைத் திறந்து நெருப்பின் நிறத்தைப் பாருங்கள். அங்கேயே வழி இரண்டாகப் பிரிகிறது.

நெருப்பு சிவந்து மங்கிக் கிடந்தால்

காற்று போதவில்லை. சாம்பல் தட்டு நிரம்பியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். போன வாரச் சாம்பலை அப்படியே விட்டுவிட்டு மேலே தீ மூட்டியதற்கு நானே சாட்சி. கரி எரியும் கிராதிக் கம்பிகளுக்கு நடுவே கிட்டம் (உருகி இறுகிய சாம்பல்) கட்டியிருந்தால் வளைந்த கம்பியால் அடியிலிருந்து கிளறி விடுங்கள்.

அடுத்தது கரி. நாங்கள் வாங்குவது கொல்லன் பட்டறைக்குப் போகும் நிலக்கரி. கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைத்தால்தான் இந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒழுங்காக எரியும். பொடியாக இருந்தால் மூடிக்கொள்ளும், பெரிதாக இருந்தால் இடையில் ஓட்டை விழும். ஜூன், ஜூலை சாரலில் மூட்டையைத் தாழ்வாரத்தில் வைத்திருந்தீர்கள் என்றால் கரி ஈரம் குடித்திருக்கும். அதற்கு மருந்து, மண்ணெண்ணெயில் ஊறிய சிரட்டைக் கரியை இன்னும் இரண்டு கை கூடுதலாகப் போட்டு அடி நெருப்பைக் கெட்டிப்படுத்துவதுதான்.

இவை இரண்டும் சரி என்றால், புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் புகைப்பெட்டிக்கு வாருங்கள். எங்கள் எஞ்சினுக்குத் திரும்பத் திரும்ப வரும் நோய் இதுதான். புகைப்பெட்டிக்குள் காற்று குறைந்தால்தான் பாய்லருக்குள் ஓடும் குழாய்கள் வழியாக நெருப்பை இழுக்கும். கதவோரத்திலோ, ஆவிக்குழாய் உள்ளே நுழையும் துளையிலோ வெளிக்காற்று புகுந்தால் இழுப்பு அங்கேயே தீர்ந்துவிடும். முதல் தடவை இது வந்தபோது நான் வால்வ் மூடியைக் கழற்ற ஸ்பேனரை எடுத்துவிட்டேன். மாமா திண்ணையிலிருந்தே சொன்னார்: "மருமவனே, ஸ்பேனரைக் கீழ வையி. மொதல்ல ஒரு ஊதுபத்தியக் கொளுத்து."

புளோயரை (புகைபோக்கிக்குள் ஆவியைப் பீச்சி நெருப்பை இழுக்க வைக்கும் வால்வ்) திறந்து வைத்துக்கொண்டு, எரியும் ஊதுபத்தியைப் புகைப்பெட்டிக் கதவின் விளிம்பில் மெதுவாகச் சுற்றி நகர்த்த வேண்டும். புகை நேராக மேலே போகிற இடத்தில் பழுது இல்லை. ஓரிடத்தில் அந்தப் புகை சட்டென்று மடங்கி, நூல் கோத்த மாதிரி இடுக்குக்குள் போகும். அங்கேதான் ஓட்டை. எங்களுடையதில் அது கதவின் அடியில், கைப்பிடிக்கு நேர் கீழே இருந்தது. பிறகு பார்த்தால், அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் கொப்பளித்துக் கருகியிருந்தது. அது முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது: காற்று புகும் இடத்தில் உள்ளே கிடக்கும் கரித்தூள் தானாக எரிந்து கதவைச் சுடும். பெரிய எஞ்சின்களிலும் கதவின் அடிப்பகுதி கருகியிருந்தால் ஷெட்டில் இதையேதான் சந்தேகப்படுவார்கள்.

கதவோரம் என்றால் ஃபைபர் கிளாஸ் கயிறு போதும், அஸ்பெஸ்டாஸ் கயிறு வேண்டாம். குழாய் நுழையும் துளை என்றால் அடுப்பு அடைக்கிற தீ சிமென்ட் பூசி ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் ஆவி பீச்சும் மூக்கைப் பாருங்கள். சிலிண்டரிலிருந்து வரும் ஆவி புகைபோக்கியின் நட்டநடுவில் மேலே பாய வேண்டும். மூக்குக்குள் நேரான கம்பி ஒன்றைச் செருகி, மேலிருந்து புகைபோக்கிக்குள் எட்டிப் பாருங்கள். கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் மூக்கை நிமிர்த்த வேண்டும். எண்ணெய்க் கரி படிந்து துளை சிறுத்திருந்தால், சரியான அளவு டிரில் பிட்டைக் கையால் மட்டும் திருகிச் சுத்தம் செய்யுங்கள். மெஷினில் மாட்டினால் துளை பெரிதாகிவிடும், பிறகு அந்த எஞ்சின் ஒருநாளும் ஒழுங்காக இழுக்காது.

தீ மூட்டும்போது புகைபோக்கியில் வைக்கும் விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கம்ப்யூட்டர் விசிறியை வைத்துப் பார்த்தோம். கால் மணி நேரத்தில் உருகிச் சொட்டியது. தகர இதழ் விசிறி, மோட்டார் புகைக்கு வெளியே என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பு வெண்மஞ்சளாகத் தகதகத்தும் முள் நகராவிட்டால்

சூடு உண்டாகிறது, தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. அல்லது உண்டான ஆவி எங்கோ போகிறது. சிலிண்டருக்கு ஆவி விடும் ரெகுலேட்டர் முழுசாக மூடியிருக்கிறதா, சிலிண்டர்த் தண்ணீரை வடிக்கும் டிரெயின் காக்கில் ஆவி கசிகிறதா, புளோயரைத் தேவைக்கு மேல் திறந்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பாய்லரில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பியிருந்தாலும் நேரம் எடுக்கும், அது பழுது இல்லை.

அப்புறம் குழாய்களுக்குள் புகைக்கரி. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் பிரஷ் விட வேண்டும். நேற்றுதானே விட்டோம் என்று நினைக்காதீர்கள், டார்ச் அடித்து ஒவ்வொரு குழாயிலும் மறுமுனை தெரிகிறதா என்று பாருங்கள். எங்கள் எஞ்சினில் கீழ் வரிசைக் குழாய்கள்தான் எப்போதும் அடைக்கும்.

கடைசிக் காரணம் உள்ளே படிந்த உப்பு. போர் தண்ணீர் ஊற்றினால் இது நிச்சயம் வரும். எங்கள் ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை. ஓட்டுக் கூரையில் விழுவதைப் பிடித்துத் துணியில் வடிகட்டி ஊற்றுகிறோம். ஏற்கெனவே கனமாகப் படிந்துவிட்ட பாய்லரை நீங்களே ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்ய வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நிற்கும்போது 80, நாலு பேரை ஏற்றி ஒரு சுற்று வந்தால் 40

இது முக்கால்வாசி ஓட்டுபவரின் பழுது. நெருப்பு மெல்லியதாக இருக்கும்போது ரெகுலேட்டரை அகலத் திறந்தால், ஆவியின் இழுப்பில் நெருப்பில் ஓட்டை விழுந்து அந்த வழியாகப் பச்சைக்காற்று போய்விடும். ஒரு தடவையாக நிறையக் கரியை அள்ளிப் போட்டாலும் முள் இறங்கும். கொஞ்சமாக, அடிக்கடி, ஓரங்களில் போடுங்கள். முள் இறங்குகிற நேரம் பார்த்துப் பம்பையும் திறந்து குளிர்ந்த தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். தண்ணீர் ஏற்றுவது இறக்கத்தில், ஏற்றத்தில் இல்லை. மாமா இதற்கு ஆரியங்காவு மலைப்பாதையைத்தான் உதாரணம் காட்டுவார்.

ஓட்டுவது சரியாக இருந்தும் இறங்குகிறது என்றால் சிலிண்டரில் ஆவி வீணாகிறது. அதைப் பார்க்கும் வழி ‘சத்தம் நொண்டுகிறது’ என்ற பகுதியில் இருக்கிறது.

தண்ணீர்க் கண்ணாடியை நம்ப முடியவில்லை

மற்ற எல்லாப் பழுதையும் நாளைக்குத் தள்ளிப் போடலாம். இதைத் தள்ளிப் போடக் கூடாது.

தண்ணீர் மட்டம் ஆடாமல் ஒரே இடத்தில் நின்றால்

பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய் இது. எஞ்சின் ஓடும்போது அதில் தண்ணீர் லேசாகத் துள்ள வேண்டும். அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். அடியில் உள்ள காக்கைத் திறந்து ஊதவிட்டு மூடுங்கள். மட்டம் சட்டென்று பழைய இடத்துக்கு வந்தால் வழி சுத்தம். மெதுவாக ஊறி ஊறி ஏறினால் கீழ் வழியில் அடைப்பு. கண்ணாடி முழுவதும் மேல் விளிம்பு வரை தண்ணீராகிவிட்டால் மேல் வழி அடைத்திருக்கிறது. ஆவி வர வழியில்லாமல் உள்ளே இருப்பது குளிர்ந்து தண்ணீரை மேலே இழுக்கிறது. கடைசியில் சொன்னதுதான் ஆபத்து, ஏனென்றால் பார்ப்பவருக்குப் பாய்லர் நிறைந்திருப்பதாகத் தோன்றும்.

கண்ணாடிக் குழாய் மெலிதாக இருந்தால் ஒரு காற்றுக் குமிழி நடுவில் ஒட்டிக்கொண்டு பொய் மட்டம் காட்டுவதும் உண்டு. ஊதவிட்டால் போய்விடும். அடைப்பு என்றால் நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, மூடியைக் கழற்றிச் செம்புக் கம்பியால் குத்தி எடுங்கள்.

கண்ணாடியில் தண்ணீரே தெரியாவிட்டால்

ஊதவிட்டும் தெரியவில்லை என்றால் தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. பம்பைத் தொடாதீர்கள். காய்ந்து சுட்டுக் கிடக்கும் தகட்டின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஏற்றக் கூடாது. புளோயரை மூடுங்கள், கிராதியைக் கழற்றி நெருப்பைக் கீழே தள்ளுங்கள், ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கிராதி சிக்கிக்கொண்டால் ஈர மணலை அள்ளிப் போட்டு மூடுங்கள். பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி ஈர மணல் இருக்கட்டும்.

அன்றைய ஓட்டம் அதோடு சரி. முழுக்க ஆறியபின் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்து பார்க்காமல் அந்தப் பாய்லரில் மறுபடி தீ வைக்கக் கூடாது.

இன்ஜெக்டர் பிடிக்கவில்லை, தண்ணீரைக் கீழே துப்புகிறது

ஆவியின் வேகத்தாலேயே பாய்லருக்குள் தண்ணீரை ஏற்றும் கருவிதான் இன்ஜெக்டர். சிரிப்பு வரும்படியான பழுது. அண்ணன் தம்பி மாதிரி, காலையில் சேர்ந்து இருக்கும், மதியம் முறைத்துக்கொள்ளும். அதனால்தான் கைப் பம்பு இல்லாமல் எந்த எஞ்சினையும் நாங்கள் ஓட்டுவதில்லை. முதலில் கைப் பம்பால் தண்ணீரை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு இன்ஜெக்டரோடு மல்லுக்கு நில்லுங்கள்.

எஞ்சினுக்குப் பின்னால் வரும் தண்ணீர்த் தொட்டி வண்டியான டெண்டரில் தண்ணீர் இருக்கிறதா? கேட்டால் கோபம் வரும், ஆனால் பாருங்கள். இருந்தால் அதற்குள் கையை விடுங்கள். வெதுவெதுப்பாகப் பட்டால் காரணம் கிடைத்துவிட்டது. தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டினால் இந்த அளவு இன்ஜெக்டர் பிடிக்காது. சித்திரை வெயிலில் கறுப்புப் பெயின்ட் அடித்த டெண்டர் மூன்று மணிக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஈரச் சாக்கைப் போர்த்துங்கள், பாதித் தண்ணீரை வடித்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

அடுத்து, இன்ஜெக்டரிலிருந்து பாய்லருக்குப் போகும் குழாயைப் பின்னங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். இன்ஜெக்டர் மூடியிருக்கும்போது இன்ஜெக்டர் பக்கம் குளிர்ந்திருக்க வேண்டும். சுட்டால், பாய்லர்த் தண்ணீரைத் திரும்பி வரவிடாத ஒருவழி வால்வான கிளாக் வால்வ் சரியாக உட்காரவில்லை, பாய்லர்ச் சூடு திரும்பி வந்து இன்ஜெக்டரை வேகவைக்கிறது. பாய்லரில் அழுத்தமே இல்லாதபோது கிளாக் வால்வைத் திறந்து, குண்டின் அடியில் மணல் துகளோ உப்புப் பொருக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு ஒரு முறை அதற்குள் கிடைத்தது தென்னம்பாளையின் துணுக்கு. அது எந்த வழியாகப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. டெண்டரில் சல்லடை இருந்தது.

தண்ணீர்க் குழாயின் இணைப்புகளில் காற்று புகுந்தாலும் பிடிக்காது. கசிகிற இணைப்பு வெளியே சொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், இழுக்கும்போது அது உள்ளேதான் காற்றை உறிஞ்சும். இணைப்பைச் சுற்றிக் கெட்டியான கிரீஸைப் பூசிவிட்டுத் திறந்து பாருங்கள். இப்போது பிடித்தால் அந்த இணைப்புதான்.

எல்லாம் சரி, பழையபடி துப்புகிறது என்றால் இன்ஜெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே உள்ள கூம்புகளின் துளை தையல் ஊசி மொத்தம்தான் இருக்கும். அதற்காக ஊசியை விட்டுக் குத்தாதீர்கள்! ஒரு கீறல் விழுந்தால் போதும், அது அப்புறம் விசில் மட்டும்தான் ஊதும். மளிகைக்கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் நல்ல தண்ணீரில் கழுவி ஊதுங்கள். புனலூர் நண்பர் ஒருவர், "அண்ணே, புளி போட்டாப் போதாதா?" என்றார். புளி வெளியே பளபளக்க வைக்கும், துளைக்குள் சக்கை போய் அடைக்கும்.

இரண்டு முறை ஊறவைத்தும் பிடிக்கவில்லை என்றால் கூம்பு தேய்ந்துவிட்டது. புதிது வாங்குவதுதான் வழி. கூம்பை நாமே கடைவது என்ற ஆசை எனக்கும் இருந்தது. மூன்று பித்தளைத் துண்டுகளோடு அது தீர்ந்தது.

புகைபோக்கி தண்ணீர் துப்புகிறது, உட்கார்ந்திருப்பவர் சட்டையெல்லாம் கரிப்பொட்டு

முதலில் ரெகுலேட்டரை மூடி டிரெயின் காக்குகளைத் திறங்கள். காரணத்தை அப்புறம் தேடலாம். தண்ணீர் அமுங்காது, சிலிண்டருக்குள் மாட்டிக்கொண்டால் மூடியைப் பிளக்கும், இல்லையென்றால் கனெக்டிங் ராடை வளைக்கும்.

காலையில் முதல் சுற்றில் மட்டும் துப்புகிறது என்றால் அது குளிர்ந்த சிலிண்டரில் ஆவி தண்ணீராவதுதான். காக்கைத் திறந்தபடி நாலு முழம் முன்னும் பின்னும் நகர்த்தினால் போய்விடும். நடு ஓட்டத்தில் துப்பினால், கண்ணாடியில் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பிவிட்டீர்கள், அல்லது ரெகுலேட்டரைச் சட்டென்று திறந்தீர்கள். இரண்டும் இல்லை என்றால் தண்ணீரில் எண்ணெயோ சோப்போ கலந்திருக்கிறது. அப்போது கண்ணாடியில் நுரை தெரியும். எங்கள் வீட்டில் துணி துவைத்த வாளியில் மழைத்தண்ணீரை மொண்டு ஊற்றிய நாளில் புகைபோக்கி கோயில் திருவிழாவில் பன்னீர் தெளிப்பது போலத் தெளித்தது. பாய்லரை முழுக்கக் காலி செய்து இரண்டு முறை அலசினோம்.

சத்தம் நொண்டுகிறது

இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் ஆவி. ஆக, சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நாலு சுக். நாலும் ஒரே கனமாக, ஒரே இடைவெளியில் கேட்க வேண்டும். மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றைக் கேட்டுவிட்டு "வலது பின்பக்கம்" என்பார். அந்தக் காது எனக்கு இல்லை. சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கோடு எங்கே வரும்போது சத்தம் மெலிகிறது என்று பார்ப்பேன். மெதுவாகத் தள்ளியபடி கேட்டால் எனக்கும் பிடிபடுகிறது.

இடைவெளி கோணலாக இருந்தால்

வால்வ் இயங்கும் நேரம் தப்பியிருக்கிறது. வால்வை ஆட்டும் கம்பிகளான வால்வ் கியரில் ஒவ்வொரு நட்டையும் பின்னையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலும் வால்வ் கம்பியின் நட் தளர்ந்து அரைச் சுற்றுப் போயிருக்கும். எந்த நட்டையும் தொடுவதற்கு முன் அது நின்ற இடத்தைக் கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காமல் கழற்றிவிட்டால் வால்வ் பெட்டி மூடியைத் திறந்து ஆதியிலிருந்து அமைக்க வேண்டிவரும். அது ஒரு நாள் வேலை, அதுவும் தெரிந்தவருக்கு.

இடைவெளி சரி, ஒரு சத்தம் மட்டும் இழுவையாக இருந்தால்

ஆவி ஒழுகுகிறது. வால்விலா, பிஸ்டனிலா? சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து பிரேக்கையும் போடுங்கள். சந்தேகமான பக்கத்தின் கிராங்க் (சக்கரத்தில் ராடு மாட்டும் முனை) நேர் மேலே வருமாறு நிறுத்தி, முன்னே போவதா பின்னே போவதா என்று மாற்றும் ரிவர்ஸ் லீவரை நடுவில் வைத்து, டிரெயின் காக்குகளைத் திறந்து, ரெகுலேட்டரைக் கொஞ்சம் திறங்கள். இந்த நிலையில் வால்வ் இரண்டு வழிகளையும் மூடியிருக்க வேண்டும். காக்கில் ஆவி வந்தால் வால்வ் ஒழுகுகிறது. வரவில்லை என்றால் லீவரை முழுக்க முன்னால் தள்ளுங்கள். இப்போது ஒரு காக்கில் மட்டும் ஆவி அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கக் காக்கிலும் வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது.

ரிங் நாமே மாற்றலாம். வால்வ் முகத்தைக் கண்ணாடிப் பலகைமேல் மெல்லிய உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சமமாக்கலாம். சிலிண்டர்ச் சுவரில் நகம் தடுக்கும் அளவுக்குக் கீறல் இருந்தால் லேத்துப் பட்டறைக்குத்தான்.

கீறல் விழுவதற்குக் காரணம் எண்ணெய் போகாததுதான். அதைப் பார்க்க எளிய வழி, ஓடி நின்றதும் புகைபோக்கியின் வாயோரத்தை ஒரு விரலால் வழித்துப் பார்ப்பது. விரலில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்ட வேண்டும். காய்ந்த கரி மட்டும் ஒட்டினால் லூப்ரிகேட்டர் வேலை செய்யவில்லை. ஸ்டீம் சிலிண்டர் ஆயில்தான் ஊற்ற வேண்டும், ஸ்கூட்டர் ஆயில் இந்தச் சூட்டில் நிற்காது.

சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை

சாரல் விழுந்தால் நடக்கும். பாதையில் தேக்கிலையோ எண்ணெயோ இருந்தால் சாரல் இல்லாமலும் நடக்கும். ரெகுலேட்டரை மூடி, துணியால் தண்டவாளத்தைத் துடைத்து, உலர்ந்த நைஸ் மணலை விரலிடுக்கால் தூவி, மெதுவாகத் திறங்கள். சக்கரம் சுழலும்போதே மணல் போடாதீர்கள், திடீரென்று பிடித்தால் ராடுக்கு ஆகாது.

துடைத்தும் வழுக்கினால் ஆளைக் குறையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பகவதிபுரம் தாண்டி மலையேறி, குகையைக் கடந்து, கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம் வழியாகப் போன மீட்டர் கேஜ் வண்டிகளுக்கே பின்னால் இன்னொரு எஞ்சின் தள்ளித்தான் மலைப்பாதை முடிந்தது. எங்களுக்குப் பின்னால் தள்ள மாமாவின் பேரன்கள் இருக்கிறார்கள்.

சேஃப்டி வால்வ் தப்பாக நடக்கிறது

70லேயே ஊதித் தள்ளுகிறது, மூட மறுக்கிறது என்றால் இருக்கையில் துகள் இருக்கிறது. குச்சியால் ஒருமுறை தூக்கி விட்டால் பெரும்பாலும் தானாகச் சுத்தமாகிவிடும். இல்லையென்றால் ஆறியபின் கழற்றிக் கழுவுங்கள். திருகை இறுக்கி மூட வைக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

முள் 80ஐத் தாண்டியும் ஊதவில்லை என்றால்: புளோயரை மூடுங்கள், நெருப்புப் பெட்டிக் கதவைத் திறங்கள், கண்ணாடியில் தண்ணீர் தெரிகிறது என்று உறுதி செய்துகொண்டு பம்பு அடியுங்கள். முள் இறங்கும். இறங்கியபின் யார் பொய் சொல்கிறார்கள் என்று பாருங்கள், வால்வா, கேஜா? சரியென்று தெரிந்த வேறொரு கேஜை மாட்டி ஒப்பிட்டால் தெரிந்துவிடும். எங்களுக்கு ஒருமுறை கேஜ் 12 பவுண்டு கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. வால்வ் பாவம், சரியாகத்தான் இருந்தது. முழு நெருப்பும் புளோயரும் போட்டு வைத்தாலும் சரியான வால்வ் 88க்கு மேல் ஏறவிடக் கூடாது. ஏறினால் வால்வை மாற்றுங்கள்.

எங்கிருந்தோ சொட்டுகிறது

எங்கிருந்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிஸ்டன் ராடு, வால்வ் கம்பி ஆகியவை நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்டிலிருந்து ஆவி சீறினால், நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். நிற்காவிட்டால் மோட்டார் பம்புக் கடையில் கிராஃபைட் கிளாண்ட் கயிறு வாங்கிப் புதிதாகச் சுற்றுங்கள். திருகு இணைப்புகளைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு கோடாக இறங்கியிருந்தால் மெதுவான கசிவு. பிரஷர் முழுசாக இறங்கியபின் கழற்றி, வாஷர் மாற்றி, திரும்ப மாட்டுங்கள். பிரஷர் இருக்கும்போது எதன் மேலும் ஸ்பேனர் வைக்காதீர்கள்.

பாய்லரின் உடம்பிலிருந்து வந்தால், அதாவது தகடு சேரும் விளிம்பு, தகடுகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளின் தலை, நெருப்புப் பெட்டிக்குள் குழாய் முனைகள், இவற்றில் எங்காவது ஈரம் கண்டால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். தகடு உப்பியிருந்தாலும் அப்படியே. 25 லிட்டருக்குக் குறைந்த பாய்லரைப் பார்க்க அரசாங்கத்து பாய்லர் இன்ஸ்பெக்டர் வரமாட்டார். அதனால் நாங்களே வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்கிறோம்: பாய்லர் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர், உள்ளே காற்றே இல்லாமல், கைப் பம்பால் 120 பவுண்டு வரை ஏற்றி இருபது நிமிஷம் நிறுத்துவது. ஓட்ட அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு அது. புதிதாகச் செய்தபோது இரண்டு மடங்கு, 160, வைத்தோம். கம்ப்ரஸர் காற்றால் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. தண்ணீர் என்றால் விரிசலில் ஒழுகிவிட்டு நிற்கும், காற்று வெடிக்கும்.

ஆளைக் கூப்பிடும்போது ஒன்றை முதலிலேயே கேளுங்கள்: சில்வர் பிரேசிங், அதாவது வெள்ளிக் கலவையால் பற்றவைப்பது, தெரியுமா? எங்களுக்கு முதல் முறை ஒரு ஸ்டே தலையில் ஈரம் வந்தபோது, அவசரத்துக்குப் பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்தோம். அவர் நல்லெண்ணத்தோடு ஈயத்தை உருக்கி வைத்து அடைத்துக் கொடுத்தார். மூன்று ஓட்டம் தாங்கியது. நாலாவதில் ஒழுகியபோது, சில்வர் பிரேசிங் தெரிந்தவரிடம் எடுத்துப் போனோம். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஈயம் பட்ட இடத்தில் வெள்ளிப் பற்று ஒட்டாது. அந்த ஈயத்தைச் சுரண்டி எடுத்து, செம்பு சிவக்கத் தெரியும்வரை சுத்தம் செய்ய அவருக்கு இரண்டு நாள் ஆனது. பற்றவைக்க ஆனது கால் மணி நேரம். கூலியும் அந்த இரண்டு நாளுக்குத்தான்.

எடுத்துப் போகும்போது பாய்லரை வெறுமையாக்கி, கேஜ், கண்ணாடி, வால்வ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஈரம் கண்ட இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுங்கள். எத்தனை பவுண்டில் ஒழுகத் தொடங்கியது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.